பாட்டி உன்னிடம் இருக்கிறாள்

மார்ச் 4

அக்காவுக்கு,

இல்லை, பாட்டி இங்கே இல்லை. வாசலில் நின்ற பெண்ணிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். சொல்லவில்லை.

நம் பொத்தான் கடைக்கு எதிர்க்கடைத் தையல்காரரின் மகள். இந்த ஊரில்தான் படிக்கிறாளாம். கையில் ஒரு பொட்டலம். "அப்பா பாட்டிக்குத் தைச்சு அனுப்பினார். இங்க ரொம்பக் குளிருமாமே. பாட்டி எங்க?" என்றாள். பாட்டி போய் நான்கு மாதம் ஆகிறது. வாயைத் திறந்தேன். "தூங்குறாங்க" என்று வந்தது.

உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். போகும்போது செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் மாட்டினாள். மாதக் கடைசி ஞாயிறு மறுபடி வருவாளாம், பாட்டி விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து.

அதிலிருந்து நான் என் சொந்த அறைக் கதவைத் தட்டிவிட்டுத் திறக்கிறேன். சிரி. அலுவலகத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து எழுந்து ஜன்னலருகே போய் நிற்கிறேன், யாரையோ வீட்டில் தனியாக விட்டுவிட்டு வந்தது போல.

கடைத்தெருவில் என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?

வாலு


மார்ச் 9

அடி வாலு,

கோபப்படாமல் படி. மாமா வீட்டுக்குப் போன இடத்தில் பாட்டி இறந்தது பேருந்து நிலையத்தைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? திரும்பி வந்து ஷட்டரைத் தூக்குகிறேன். முதல் ஆளாக பஸ் கண்டக்டர். "பாட்டி எங்கம்மா?" என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க என்று சொல்லிவிட்டேன். அழ ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்று பயம். மறுநாள் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பாட்டியின் வியாபார லட்சணம் உனக்குத் தெரியுமே. சட்டையில் ஒரு பொத்தான் விழுந்துவிட்டது என்று வந்தால் லேசில் விற்க மாட்டாள். "போய் வீட்டுல நல்லா தேடு. கட்டிலுக்கு அடியில கிடக்கும். கிடைக்கலன்னா வா." கிடைத்தவர்கள் அதைச் சொல்வதற்கென்றே வருவார்கள். ஒன்றும் வாங்காமல், பந்தயத்தில் ஜெயித்த முகத்தோடு. இப்போதும் வருகிறார்கள். "கிடைச்சிடுச்சுன்னு பாட்டிகிட்ட சொல்லிடும்மா." சொல்லிவிடுகிறேன் என்கிறேன். வேறு என்ன சொல்வது?

அப்புறம் அது தானாக வளர்ந்தது. உன் ஊரில் பாட்டி நகரும் படிக்கட்டில் ஏற மாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறாள். நீ தூங்கும்போது உன் கோட்டுப் பொத்தான்களை எல்லாம் பிரித்து மறுபடி இறுக்கித் தைத்திருக்கிறாள். கண்டக்டர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்கு இவ்வளவு கதை விட வரும் என்று எனக்கே தெரியாது.

இன்னொன்று. அவள் அங்கே இருக்கிற வரைக்கும் நான் கடையைப் பார்த்துக்கொள்கிறவள். அவ்வளவுதான். இல்லை என்று சொன்ன நிமிடம் நான் கடைக்காரி, ஆயுசுக்கும். அந்த வார்த்தையை இன்னும் என்னால் போட்டுக்கொள்ள முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பாட்டி பூங்காவுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிடு. இவ்வளவு படித்தவளுக்கு ஒரு பொய் சொல்ல வராதா?

அக்கா


மார்ச் 30

அக்கா,

பூங்கா என்றுதான் சொன்னேன். சரி, வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். தேநீர் கொடுத்தேன். படிப்பைப் பற்றிக் கேட்டேன். மழை பிடித்தது. "குடை எடுத்துட்டுப் போனாங்களா?" என்று எழுந்தாள். நான் பதில் சொல்வதற்குள் என் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். தேடிக் கூட்டி வரப் போகிறாள், அக்கா, பாட்டியை, மழையில்.

கையைப் பிடித்து நிறுத்தினேன். "பாட்டி செத்துட்டாங்க." அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை.

அவள் திட்டவில்லை. குடையைச் சுருக்கி வைத்துவிட்டு என்னோடு கொஞ்ச நேரம் இருந்தாள். அவள் அப்பாவிடம் என் அக்காவே சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு வாரம் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

கடைக்காரி ஆவதற்கு பயப்படுகிறாய். நியாயம்தான். ஆனால் கடைசியாகப் பாட்டி முகத்தைப் பார்த்தவள் நீ. எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மாமா போனில் சொன்ன ஒற்றை வரிதான் எனக்கு வந்தது. நீ அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை எழுதவில்லை. சாவை நீ வைத்துக்கொண்டு, உயிரோடு ஒருத்தியை எனக்கு அனுப்பி வைத்திருக்கிறாய். இந்த ஒற்றை அறையில் நான் அவளை எங்கே உட்கார வைப்பேன்?

தையல்காரரிடம் சொல். அப்புறம் என்னிடமும் சொல். முடியாதென்றால் இனி எனக்கு எழுதாதே.

வாலு


ஏப்ரல் 5

வாலு,

காலையில் கடை திறக்கும் முன் தையல்காரரிடம் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த தையலை முழுக்க முடித்தார். "இத்தனை நாளா என்னைக் கேனையனாக்கி வச்சிருந்தியாம்மா? இல்லாதவங்களுக்கு அளவு யோசிச்சு யோசிச்சு வெட்டினேன்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பவில்லை. கண்டக்டரிடமும் சொன்னேன், அப்படியே நின்றார். டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிட்ட பிறகுதான் போனார். சிரித்ததற்கெல்லாம் அவருக்கு வெட்கமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

இனி உனக்கு.

மாமா வீட்டு நடு அறை. காலையில் எழுந்ததும் பாட்டி தலை வாரிவிடச் சொன்னாள். கட்டிலில் அவள் பின்னால் உட்கார்ந்து சிக்கெடுத்தேன். "முடியை விட்டுட்டு மண்டையைப் புடுங்குறியே" என்று திட்டினாள். உன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொன்னாள் என்று எழுதக் கை வந்தது. வேண்டாம், நான் கதை விட்டது போதும். பாதி வாரியிருப்பேன், தலை என் கையில் சாய்ந்தது. முகம் அமைதியாக இருந்தது என்று மாமா எல்லோரிடமும் சொல்கிறார். இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. புருவம் சுருங்கி, வாய் கொஞ்சம் திறந்து, என்னை இன்னும் திட்ட பாக்கி இருப்பது போல. மீதித் தலையையும் வாரி முடித்துவிட்டுத்தான் மாமாவைக் கூப்பிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நான் வைத்துக்கொண்டிருந்தது இவ்வளவுதான். எடுத்துக்கொள்.

அக்கா

பின்குறிப்பு: இதை எழுதிவிட்டு மறுபடி தையல்காரரிடம் போனேன். அவர் பேசவில்லை. போகச் சொல்லவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, குவிந்து கிடந்த சட்டைகளில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் வந்து கடையைத் திறந்தேன்.