காரணம் எழுதிக் கொடுக்கவும்

மார்ச் 3, திங்கள்

சங்கச் செயலாளரிடமிருந்து இன்னொரு சுற்றறிக்கை. குடியிருப்பின் அறுபத்திரண்டு வீடும் ஒரே க்ரீம் நிறம், கேட் எல்லாம் காப்பித்தூள் நிறம். யாரும் மாற்றக் கூடாதாம். ‘அனைவரும் ஒத்துளைக்கவும்’ என்று முடித்திருக்கிறார். உழைத்தால் போதாதாம், எல்லோரும் சேர்ந்து உளைய வேண்டுமாம். அச்சகத்தில் இருபத்தெட்டு வருடம் பிழை திருத்திய கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

க்ரீம் நிறமாம். பல் தேய்க்காதவன் பல் மாதிரி இருக்கிறது தெரு.

மார்ச் 6, வியாழன்

நடக்கப் போன அண்ணன் நேராகச் செயலாளர் வீட்டுக்குள் போய், சோபாவில் உட்கார்ந்து, காப்பி கேட்டிருக்கிறார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர்! செயலாளரே கூட்டிவந்து விட்டார். கூடவே ஒரு பரிதாப முகம். அதை யார் கேட்டார்கள்?

“எல்லாம் ஒரே அச்சுல வார்த்த வீடு. ஒருநாள் நீங்களே இங்க வந்து உங்க வீட்டம்மாவைத் தேடப் போறீங்க, பாருங்க” என்றேன். நடையைக் கட்டினார்.

மார்ச் 11

எதிர்வீட்டம்மா கேட்டில் தொங்கிக்கொண்டு, “அண்ணனுக்கு என்னக்கா? டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?” என்றாள். ஊர்க் கவலையெல்லாம் இவள் தலையில்தான். கண்ணாடி மாற்றணும், அவ்வளவுதான் என்றேன்.

கண்ணாடி போன மாதம்தான் மாற்றினோம். டாக்டரிடமும் காட்டியாயிற்று. மறதி, இனிமேல் கூடத்தான் செய்யும் என்றுவிட்டார். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பேன்?

மார்ச் 12

கேட்டுக்குச் சிவப்பு அடிக்க அனுமதி கேட்டேன். சிவப்பைக் கண்டால் அண்ணன் தானாக நிற்பார், பிரேக் மிதித்தே பழகிய கால். இதைப் போய்ச் செயலாளரிடம் சொல்வேனா?

“ரூல்னா ரூல்தாம்மா. காரணம் எழுதிக் குடுங்க, கமிட்டியில வைக்கிறேன்.”

கமிட்டியாம், பெரிய கமிட்டி. ‘அழகுக்காக’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 14

தள்ளுபடி.

மார்ச் 16, ஞாயிறு

காலை பத்து மணிக்குப் போனவர் பன்னிரண்டரைக்குத்தான் கிடைத்தார். கடைசித் தெருவில், ஆளில்லாத வீடு. கேட் பூட்டில் நம் சாவியைத் திணித்துத் திருகிக்கொண்டே இருந்திருக்கிறார். விரலெல்லாம் ரத்தம். “உள்ள இருந்துக்கிட்டே திறக்க மாட்டேங்கிறா” என்று பூட்டிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

கத்தினேன். நடுத்தெருவில். “வீடு தெரியலைன்னா எதுக்குப் போறீங்க? ஏன் என்னை இப்படிச் சாகடிக்கிறீங்க?” — தெருவே பார்த்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பெரிய கெட்டிக்காரி நான், தூ. என் கௌரவம் முக்கியம், அவர் விரல் முக்கியமில்லை.

சாயங்காலம் எழுதினேன்: ‘என் அண்ணனுக்கு மறதி நோய். எங்கள் வீடு எது என்று அவருக்குத் தெரியவில்லை.’ பத்தே வார்த்தை. நாலு தாள் கிழித்து, ஐந்தாவதைச் செயலாளர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 17

விடிந்ததும் வாசலில் செயலாளர். கையில் சிவப்புப் பெயிண்ட் டின்.

“கமிட்டி?”

“நான்தாம்மா கமிட்டி. மத்தவங்க கூட்டத்துக்கே வர்றதில்ல.”

அவரே அடித்தார். எழுத்துதான் வராது என்று நினைத்திருந்தேன், பெயிண்டும் வரவில்லை. பாதி தரையில். அண்ணன் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 29, சனி

ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தெருமுனை திரும்பி வந்தார். பத்தடி பின்னால் எதிர்வீட்டம்மா, தற்செயலாக வருகிறவள் போல. நடிக்கவும் தெரியவில்லை அவளுக்கு. நாலு கேட் தாண்டி, நம் சிவப்புக் கேட்டில் தானாக நின்றார். நின்றேவிட்டார்! ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். “வணக்கங்க. என் தங்கச்சி இந்த வீட்லதான் இருக்கா. கொஞ்சம் கூப்பிடுறீங்களா? லேட்டானா கத்துவா.”

“இன்னைக்குக் கத்த மாட்டா. உள்ள வாங்கண்ணா.”

தயங்கித் தயங்கி வந்து, விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.