மேட்டில் கிடந்த சர்க்கார் கல்

4 நவம்பர் 1972

மழை விட்டது. மேட்டுச் செம்மண் கரைந்து கல்லெல்லாம் பல்லை இளித்துக்கொண்டு கிடக்கிறது. பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது பேண்ட் போட்ட ஓர் ஆசாமி எங்கள் குடிசைக்குப் பின்னால் குந்திக்கொண்டு சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டேன். பெயர் ஜெக்கரியாவாம், திருச்சியில் கல்லூரி வாத்தியாராம். "கல்லு பொறுக்க வந்தேங்க."

அரிசியில் கல் பொறுக்கச் சொன்னாலே இந்த ஊர் ஆம்பளைகள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். இவர் அதற்காகத் திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்தாராம்! பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் வந்தது யார் வண்டியில்? பண்ணை சாமிதுரையின் வில்வண்டியில். நானே பார்த்தேன்.

சாமிதுரைக்கு இந்தப் புறம்போக்கு மேட்டின் மேல் கண். அவர் வயலை ஒட்டியிருக்கிறது, களம் போட வாகு. குடியிருக்கிறவனுக்கே மனை என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே என்று நாங்கள் பத்துக் குடும்பம் பட்டா கேட்டு மனுப் போட்டோம். 'போன வருஷம் வந்து ஒண்டினவர்கள்' என்று அவர் எதிர்மனு போட்டிருக்கிறார். நான் பிறந்ததே இந்தக் குடிசையில்தான். அதற்கு யார் சாட்சி சொல்வார்கள்?

9 நவம்பர்

கல்லுக்குக் கல் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். எங்கள் வேலியோரம் 14, 15.

அண்ணன் இராஜாங்கத்திடம் சொன்னேன். "போட்டா போட்டுட்டுப் போறாரு, நமக்கென்ன, வேம்பு?" அவன் விவசாயச் சங்கக் கூட்டத்தில் மட்டும்தான் சந்தேகப்படுவான். இன்றைக்கு நம்பர், நாளைக்குச் சங்கிலி பிடித்து அளவு, அப்புறம் கம்பி வேலி. எனக்குத் தெரியாதா?

15-ஐத் தேங்காய் நாரால் தேய்த்தேன். 5 போய்விட்டது. 1 போக மாட்டேன் என்கிறது.

17 நவம்பர்

தஞ்சாவூர் போனேன். தாலுகா ஆபீசில் ஹமீதா பானு இருக்கிறாள், பயிற்சிப் பள்ளிப் பழக்கம். விஷயத்தைக் கேட்டதும் சொன்னாள்: "பொறம்போக்குல கெடக்குறது சர்க்காரு கல்லுடி. அனுமதியில்லாம எடுக்கக் கூடாது."

அப்பாடா, அகப்பட்டார்! அங்கேயே உட்கார்ந்து மனு எழுதினேன். 'அரசு நிலத்துக் கல்லில் ஒரு துண்டுகூட எவரும் எடுக்காதபடி கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்.' எவரும் என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். சாமிதுரையும் அதில் வரட்டும் என்று.

24 நவம்பர்

நாசமாப் போச்சு.

என் மனுவை விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் (ஆர்.ஐ.) வந்தார். ஜெக்கரியா பைக்குள்ளிருந்து அனுமதிக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். சுரங்கத் துறை முத்திரையோடு! அதோடு போயிருந்தால் என் மூக்கு மட்டும்தான் உடைந்திருக்கும். அந்த மனிதர் எங்கள் அடுப்பை எட்டிப் பார்த்தார். "அடடா, மூணும் கல்மரம்! மரம் மண்ணுல பொதைஞ்சு லட்சக்கணக்கான வருஷத்துல கல்லாப் போனது. வரி வரியாத் தெரியுது பாருங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

ஆர்.ஐ. என் மனுவை என்னிடமே வாசித்தார். "ஒரு துண்டுகூட எவரும். நீங்க எழுதினதுதானே டீச்சர்?"

பாதி வெந்த சோற்றை இறக்கிவைத்துவிட்டுத் தலையாரி மூன்று கல்லையும் பெயர்த்தான். பத்து வீட்டு அடுப்பிலும் அதே கல்தான். பத்து வீட்டுக்கும் வழக்கு. சாமிதுரை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கேட்டாள்: "ஏண்டி, அடுப்புக்கல்லக்கூட வச்சுக்கக் கூடாதுன்னு எழுதுறதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்?"

வாத்தியார், ஆர்.ஐ., சாமிதுரை, மூன்று பேரும் சேர்ந்து நடத்திய நாடகமா இது? எவனத்தான் நம்புறது?

25 நவம்பர்

செங்கல் அடுப்பு. சோறு ஒரு பக்கம் தீய்ந்தது. தீய்ந்த பக்கத்தை அம்மா என் தட்டில் போட்டாள்.

2 டிசம்பர்

சாவடியில் கல் வழக்கு விசாரணை.

"எப்பம்மா எடுத்தே?" என்று ஆர்.ஐ. கேட்டார்.

"இவ வயித்துல இருக்கையில. குடிசை போட்ட அன்னிக்கே அடுப்பும் வச்சேன்" என்றாள் அம்மா.

வாயை மூடு என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். குற்றம் பெரிதாகிக்கொண்டே போகிறதே! சாமிதுரைக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நல்லா எழுதிக்குங்க சார். நேத்து இன்னிக்கு இல்ல, இருபத்தெட்டு வருஷமா சர்க்காரு சொத்தத் திங்கிதுங்க. நான் கண்ணால பாத்துக்கிட்டிருக்கேன்."

"சாட்சியாப் போட்டுக்கவா?"

"போடுங்க. கையெழுத்து எங்க?"

சேலையை விட்டுவிட்டேன்.

அடுத்த வீட்டுக் கண்ணாத்தாள், "நான் போன வருசந்தான் அடுப்பு மாத்துனேன்" என்று ஆரம்பித்தாள். காலை மிதித்தேன். "அதுக்கு முன்ன இருந்த அடுப்பையும் சொல்லுங்க அக்கா." சொன்னாள். அதற்கும் சாமிதுரை கையெழுத்துப் போட்டார். பத்துக்கும் போட்டார்.

இவ்வளவு எளிதாகவா? இதிலும் ஏதாவது சூது இருக்குமோ? தூக்கம் வராது போலிருக்கிறது.

29 டிசம்பர்

தாசில்தார் முன்னால் மனை விசாரணை. சாமிதுரையின் வக்கீல், 'போன வருஷம் ஒண்டினவர்கள்' என்று அழகாக வாசித்து முடித்தார். நான் எழுந்து, கல் வழக்குக் காகிதத்தையும் பார்க்கச் சொன்னேன்.

தாசில்தார் பார்த்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

சாமிதுரை கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "அது கல்லு கேஸுங்க. இது மனை கேஸு."

"அப்ப ஆளில்லாமலே அடுப்பு மட்டும் இருபத்தெட்டு வருஷம் எரிஞ்சுதா?"

சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன். பத்து வீட்டுக்கும் பட்டா. கல் எடுத்ததற்கு எச்சரிக்கை. பட்டாவில் ஒரு நிபந்தனையும் உண்டாம்: மனையில் கல்மரம் கிடைத்தால் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. என் வாக்கியமேதான்!

14 ஜனவரி 1973

பொங்கல். வாசலில் அம்மா செங்கலை அடுக்க, அது சரிய, மறுபடி அடுக்க.

ஜெக்கரியா வந்தார். இந்தத் தடவை நடந்து. தோளில் ஒரு சாக்கு. வாசலில் இறக்கியபோது 'ணங்' என்றது. இன்னும் என்ன கொண்டுபோக வந்திருக்கிறார்? போய் எதிரே நின்றேன்.

"அன்னிக்கு யார் வண்டியில வந்தீங்க?"

"ரோட்டுல போன வண்டிக்காரர் ஏறுங்கன்னாரு, ஏறுனேன். யாரு வண்டின்னே தெரியாதுங்க."

சாக்கை அவிழ்த்தார். மூன்று கருங்கல். அடுப்புக்குத் தோதாகக் கொத்தியது. "உங்க கல்லு எங்க காலேஜ்ல இருக்கு. திருப்பித் தர எனக்கு அதிகாரம் இல்ல. இது திருச்சிப் பக்கம் குவாரியில வாங்குனது."

"சீட்டு இருக்கா?"

வாய் தானாகக் கேட்டுவிட்டது. அவர் கோபப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். தேதி பார்த்தேன். முத்திரை பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன்.

அதற்குள் அம்மா செங்கலைத் தள்ளிவிட்டு, கருங்கல்லை வைத்து, பானையையும் ஏற்றிவிட்டாள்.

"படிச்சு முடிச்சிட்டியா? முடிச்சிட்டு வாத்தியாருக்கு ஒரு எலை அறுத்துக்கிட்டு வா."