பஸ் ஸ்டாண்டில் திறந்த டிபன் கேரியர்

வடிவுக்கு,

நீயும் பிள்ளையும் சௌக்கியமா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? எழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல, முதலாளி தர்மா அண்ணனின் மகள் புனிதா எழுதுகிறாள்.

மதியம் சாப்பாட்டுக் கடை ஓய்ந்ததும் அண்ணன் வீட்டில் பழைய சிரிப்பு நாடகம் போடுவார்கள். அண்ணன் சின்ன வயதில் இருந்த ரப்பர் தோட்டத்தில், வரிசை வீடுகள் கொண்ட லயத்துக்கே ஒரு டிவியாம், அதில் பார்த்ததாம். வசனம் வருமுன்பே அண்ணன் சொல்லிவிடுவார். அண்ணனின் சம்சாரம் அக்கா, இந்த நாட்டு வழக்கப்படி ‘லா’ போட்டு அதட்டுவார்: “வாய மூடுங்க லா, அவரு மொத தடவ பாக்குறாரு!”

நேற்றைய கதையில், வேலை போனதை மறைத்து ஒருவன் தினமும் டிபனோடு கிளம்பி பஸ் ஸ்டாண்டில் உட்கார்கிறான். ஒருநாள் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ரசத்த மறந்துட்டு வந்துட்டீங்க” என்கிறாள். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எனக்கு மட்டும் பாதியில் நின்றுவிட்டது.

பத்து நாளாக வீடியோ காலில் உனக்கு இடது கையைத்தான் காட்டினேன். வலது கையில் கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டது. ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். அண்ணனோ, “கை ஆறுற வரைக்கும் கல்லாவுல உக்காரு, நான் இருக்கேன்ல” என்றார். அந்த மனசுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

“கொஞ்சம்தான் பட்டுச்சுன்னு எழுதும்மா” என்றேன்.

“போங்கண்ணே, முழங்கை வரைக்கும்னு எழுதிட்டேன்” என்கிறாள் புனிதா.

லீவில் ஊருக்கு வரும்போது இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் சீனி அண்ணன் வாசலில் ஹாரன் அடிக்கிறார். அவர் திரும்பும்போது நீ போர்த்துகிற பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. இங்கே குளிரெல்லாம் இல்லை, இருந்தாலும் அனுப்பு.

படித்ததும் கூப்பிடு. திட்டுவதென்றால் நிதானமாகத் திட்டு, கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

உன்
முத்தரசன்