தைத்துப் பார்ப்பது அங்கே, வாங்குவது இங்கே

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசைக் கேட்காதே. உன் இருமல் நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. கம்பெனி நமக்குத் தையல் மெஷின் அனுப்புவதை நிறுத்திவிட்டது என்று போனில் சொன்னேன் அல்லவா, நம் மேல் புகார் கொடுத்தது யார் என்று சொல்ல அப்போது வாய் வரவில்லை. உன் அக்காதான். கம்பெனி ஆளே கடைக்கு வந்து, இணையத்துல விற்கக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கே, உங்க பொண்ணே எங்ககிட்ட வந்து அழறாங்கம்மா என்று தலையைச் சொறிந்தான்.

பக்கத்து ஊரில் அவளுக்கு அதே கம்பெனியின் ஏஜென்சியை வாங்கிக் கொடுத்ததே நான்தான். நீ நம் கடைக்கு இணையப் பக்கம் போட்டுத் தந்த பிறகு நடந்ததைக் கேள். ஜனங்கள் அவள் கடையில் போய் உட்கார்ந்து, நூல் கோக்கக் கற்றுக்கொண்டு, தலையணை உறையைக்கூட அங்கேயே தைத்து எடுத்துக்கொண்டு, வீட்டுல கேட்டுட்டு வர்றோம் என்று படியிறங்கும்போதே போனில் நம்மிடம் ஆர்டர் போட்டிருக்கிறார்கள். விலையைக் குறைத்தது நாம், வாடகையும் சொல்லிக்கொடுக்கும் பாடும் அவள் தலையில். ஆர்டர் குவிகிறதென்று நான் பூரித்துக்கொண்டிருந்தேன், அவள் அங்கே ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வக்கீலைப் பார்த்தேன். சரக்கை இப்படிக் காட்டு, படத்தை இப்படிப் போடு என்று கம்பெனி நிபந்தனை வைக்கலாமாம், இணையத்தில் விற்கவே கூடாதென்று அடியோடு தடுப்பது போட்டிச் சட்டத்துக்கு ஆகாதாம். போட்டி ஆணையத்துக்குப் போனால் நம் பக்கம்தான் தீர்ப்பு என்கிறார். ஆனால் உங்க பொண்ணையும் விசாரிப்பாங்க, விலைப் போட்டியை அமுக்கக் கம்பெனியோட கைகோத்தாங்கன்னு அவங்க மேலயும் திரும்பும் என்றார். பேசித் தீர்க்கலாமென்று அவள் கடைக்குப் போனேன். வாடிக்கைக்காரர்கள் எதிரிலேயே, வாங்கம்மா, என்ன மெஷின் பார்க்கறீங்க, உட்கார்ந்து தைச்சுப் பாருங்க, காசா பணமா, வாங்கறதை வேற எங்கயாவது வாங்கிக்கலாம் என்று சிரித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டாள். வியாபாரப் பேச்சை என்னிடம் கற்றவள் அல்லவா. நானும் உட்கார்ந்து ஒரு துணியில் ஒரு கோடு தைத்தேன், கோணிப் போயிற்று. அதைப் பார்த்துவிட்டு நூலை வெட்டிவிட்டாள்.

வக்கீலிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏம்மா, ஜெயிக்கிற கேஸை விடறீங்க என்றார். கம்பெனி செய்வது தப்புதான், அதை வேறு யாராவது கேட்கட்டும். பெற்ற மகளைக் கூண்டில் ஏற்றி எனக்கு மெஷின் வர வேண்டாம். இருக்கும் சரக்கு தீர்ந்தால் ரிப்பேரையும் நூல், ஊசியையும் வைத்துப் பிழைத்துக்கொள்வேன். இணையப் பக்கத்தை இன்றே எடுத்துவிடு. உன் மேல் ஒரு தப்பும் இல்லை, அதை மனசில் போட்டுக்கொண்டு புழுங்காதே.

நோய்நொடி அண்டாமல் நன்றாக இரு. ஒன்றை மறக்காதே, அக்காவைக் கூப்பிடு. என் நம்பரைப் பார்த்தால் அவள் எடுப்பதில்லை. வழக்கு இல்லை என்று மட்டும் சொல். அம்மா அழுதாள் என்று சொல்லிவிடாதே, அதையும் வியாபாரம் என்பாள்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அம்மா