ஒரே ஒரு பதவி

கார்த்திகை 9, செவ்வாய்

மாவட்டக் கவுன்சிலர் சீட்டுக்கு விருப்ப மனு வாங்கக் கள்ளக்குறிச்சி போய் வந்தேன். ‘இதுவரை வகித்த பதவிகள்’ என்று பாதிப் பக்கம் காலியாக விட்டிருக்கிறார்கள். எனக்கு எழுத ஒன்றுதான்: ஊராட்சித் தலைவர். அதுவும் முடிந்து பல மாதமாயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில் பேப்பர் படித்தேன். சீனாவில் ஒருவர் கிராம அலுவலகத்தில் தொடங்கி, ஒவ்வொரு பதவியாக ஏறி, இன்று ஒரு மாகாணத்துக்கே துணை ஆளுநராம். பொறாமையாக இருந்தது.

வெள்ளிமலையில் இறங்கினேன். என் வீட்டுக்காரர் பைக்கோடு நின்றிருந்தார். “தலைவரே!” என்று ஒரு பெண் கூப்பிட்டாள். அவர்தான் திரும்பினார். ஐந்து வருஷமும் கையெழுத்து என்னுடையது, ‘தலைவர்’ அவர்தானே!

“இன்னா விசயம், சொல்லும்மா” என்றார்.

“நீங்க இருங்கண்ணா, நான் தலைவரத்தான் கூப்ட்டேன்” என்று என்னிடம் வந்தாள். “நீங்க போட்ட பைப்புல நாலு நாளா தண்ணி வரலீங்க. வந்து பாருங்க.”

பதவியில் இருந்தபோது ஒருத்தியும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் பைக்கை அவள் ஊர்ப் பக்கம் திருப்பினார்.

இப்போதுதான் மனுவில் அந்த ஒரு பதவியை அழுத்தி எழுதினேன். கீழே இடம் நிறைய இருக்கிறது. இருக்கட்டும்.