முடிக்காமல் விட்டிருக்க வேண்டிய பாட்டு

இயேசு மரி சூசை துணை

பென்னலூர்
19.8.84

அன்பு மகன் பாபுவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. மஸ்கட்டில் உனக்குச் சாப்பாடும் தூக்கமும் உடம்பும் குறையில்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நான் நலம் என்று எப்போதும் எழுதுகிற வரியை இந்தத் தடவை எழுதவில்லை, காரணம் கீழே வரும், பயந்துவிடாதே. நாலு நாளாக நல்ல மழை, சமையல்கட்டில் மேற்கு மூலையில் ஒழுகுகிறது, பாத்திரம் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள், எப்போது கல்யாணச் சாப்பாடு என்றும் கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

நான் ஏன் கோயில் பாட்டுக் குழுவுக்குப் போவதில்லை என்று போன கடிதத்திலும் கேட்டிருந்தாய். முன்பு இரண்டு தடவை கேட்டபோது தொண்டை வலி என்று எழுதினேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை பாபு. இன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஆளுக்கு உலை வைக்க என்ன அவசரம், மத்தியானத்துக்குள் எழுதி முடித்துவிடலாம்.

காஞ்சிபுரத்தில் போர்டிங்கில் தங்கிப் படித்தபோது எனக்குக் கணக்கு வராது, வரலாறு வராது, பாட்டு மட்டும்தான் வரும். ஐம்பத்திரண்டில் எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் சேர்த்து ஒரு பாட்டுப் போட்டி வைத்தார்கள். எனக்கு முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர். இந்தப் பெண்ணை மேலே சங்கீதம் படிக்க வையுங்கள் என்று டீச்சர் உன் தாத்தாவிடம் சொன்னார். பாடிப் பிழைக்கிற குடும்பமா நாம் என்று தாத்தா கேட்டார், அதோடு அந்தப் பேச்சு நின்றது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன், உன் அப்பாவைக் கட்டிக்கொண்டேன், நீ பிறந்தாய், மறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர் வேலை கிடைத்தது. இன்டர்வியூவில் குரல் நன்றாயிருக்கிறது என்றார்கள். அந்தக் குரலை வைத்து இருபத்தைந்து வருஷமாக நம்பர் ப்ளீஸ், லைனில் இருங்கள், பேசி முடித்துவிட்டீர்களா, இந்த மூன்றையும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தேழு வயதில் திரும்பிப் பார்த்தால், ஊரார் எல்லாரும் பேசுவதற்கு வழி செய்துவிட்டு நான் பேசாமல் உட்கார்ந்திருந்தது போல இருக்கிறது.

ஆனால் எனக்கும் ஒருத்தி இருந்தாள். நீ சின்னப் பிள்ளையில் போன் அத்தை என்பாயே, காஞ்சிபுரம் எக்ஸ்சேஞ்ச் செங்கமலம். நம் ஊரிலிருந்து வெளியே போகிற கால் எல்லாம் அவள் கைக்குப் போய்த்தான் போகும். அறுபத்தைந்தில் ஒரு நாள் லைன் சும்மா இருந்தபோது எந்த ஸ்கூல் என்று கேட்டாள், சொன்னேன். அந்தப் பாட்டுப் போட்டிக்கு வந்திருந்தாயா என்று கேட்டாள். வந்தேன், முதல் பரிசு என்றேன். "அடிப்பாவி, நீதானா அது! ரெண்டாவது வந்து அழுதுகினே வூட்டுக்குப் போனவ நான்தான்டி" என்றாள். அன்றிலிருந்து வேலை இல்லாத நேரத்தில் அவள் ஒரு பாட்டு, நான் ஒரு பாட்டு. சூப்பர்வைசர் வந்தால் உடனே டெஸ்டிங், டெஸ்டிங் என்போம். எனக்கு வேறு பொழுதுபோக்கு என்ன இருந்தது, சினிமாவா, சீட்டா? பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவளுக்கு லீவு கிடைத்தால் எனக்கு டியூட்டி, எனக்குக் கிடைத்தால் அவள் பிள்ளைக்கு அம்மை. அப்படியே பத்தொன்பது வருஷம் முகம் பார்க்காமல் ஓடிவிட்டது.

இனி எழுதப்போவதை யாருக்கும் நான் சொன்னதில்லை. எண்பதாம் வருஷம் பிப்ரவரி பன்னிரண்டு, அப்பா போன நாள். ஃபாக்டரியில் மிஷின் பக்கத்தில் மயங்கி விழுந்தார், ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது என்று உனக்கு எழுதினேன். அதில் பொய் இல்லை, எழுதாமல் விட்டது உண்டு. அன்று காலை பதினோரு மணி இருக்கும். செங்கமலம் லைனில் இருந்தாள், அந்தப் போட்டிப் பாட்டைப் பாடு, கேட்டு ரொம்ப நாளாச்சு என்றாள், பாடிக்கொண்டிருந்தேன். போர்டில் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு சின்ன மூடி உண்டு, யாராவது கூப்பிட்டால் அது பட்டென்று விழும். ஃபாக்டரி நம்பர் மூடி விழுந்தது. கால் வருது, இரு என்றேன். "ரெண்டு அடிதானே பாக்கி, முடிச்சிட்டுப் போடி" என்றாள். முடித்துவிட்டுத்தான் எடுத்தேன். யாரோ ஒரு ஆள் பதறினான், ஆஸ்பத்திரி குடும்மா, சீக்கிரம், ஆளு உழுந்துட்டாரு என்றான். செங்கமலத்திடம் சொன்னேன், அவள் உடனே காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு லைன் கொடுத்தாள், ஆம்புலன்ஸ் கிளம்பியது. யார் பெற்ற பிள்ளையோ, காப்பாற்று மாதாவே என்று ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டு, அரிசி மில்லுக்கு வேறு கால் போட்டுக்கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஃபாக்டரி டைம்கீப்பர் தாண்டவராயன் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். போன் ரிப்பேர் என்று சொல்ல வந்திருக்கிறார் போல என்று நினைத்தேன். "அம்மா, கொஞ்சம் வெளிய வாங்க" என்றார்.

பதினாறு நாள் கழித்து டியூட்டிக்குத் திரும்பினேன். இங்கிருந்து யாரும் அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. லைனில் வந்ததும் எங்கே போனாய், லீவா என்று கேட்டுவிட்டு, "அன்னிக்கு ஃபாக்டரியில உழுந்தாரே, அந்த ஆளு பொழச்சிக்கினாரா?" என்றாள். நான் என்ன சொல்லுவேன்? அது என் வீட்டுக்காரர், நாம் பாட்டை முடித்துக்கொண்டிருந்தபோது அவர் தரையில் கிடந்தார் என்றா? அவள் ஆயுசுக்கும் தூங்கமாட்டாள். பிழைத்துக்கொண்டார் என்று சொல்லிவிட்டேன். "உன் பாட்டு ராசிடி" என்று சிரித்தாள். அன்றோடு பாட்டை விட்டேன். அவளுக்கும் தொண்டை வலி என்ற அதே பொய்தான்.

ஒரு பொய் சொன்னால் அதோடு நிற்குமா? வீட்டுக்காரர் எப்படி கீறார் என்று வாரம் தவறாமல் கேட்பாள். நல்லா இருக்கார் என்பேன். நாளடைவில் அவள் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தேன். இன்று வத்தக்குழம்பில் உப்பு அதிகம் என்று கோபித்துக்கொண்டு போனார், கொல்லையில் முருங்கைப் போத்து நட்டார், கண்ணாடி போடச் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார். கேட்டால் உனக்கு என்னமோ போல இருக்கும். வீட்டில், கோயிலில், ஆபீசில், ரேஷன் கார்டில்கூட அப்பா இறந்துவிட்டார். அந்த ஒரு லைனில் மட்டும் உயிரோடு இருந்தார். அதனால்தான் ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து வேலைக்குப் போக முடிந்தது. நீ வேலையை விட்டுவிடு அம்மா என்று எழுதியபோதெல்லாம் நான் பதில் எழுதாததற்கு அதுதான் காரணம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு அம்மாள், கையில் மந்தாரை இலை போட்டு மூடிய கூடை. நான்தான்டி செங்கமலம் என்றாள். குரலை வைத்து உயரமான ஆள் என்று நினைத்திருந்தேன், என் தோள் உயரம்தான், தடிக் கண்ணாடி. சேலத்துக்கு டிரான்ஸ்பர் ஆகிவிட்டது, போவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லாமல் கிளம்பி வந்திருக்கிறாள். "உன் வூட்டுக்காரர் எங்க? அவருக்கும் சேத்துத்தான் இட்லி" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள் அப்பா படத்தைப் பார்த்தாள். கீழே தேதி எழுதியிருக்கிறதே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தாள். "நாலு வருசமா செத்த மனுசனையா நல்லா கீறாரான்னு கேட்டுகினு இருந்தேன்? என்னைப் பாத்தா பைத்தியக்காரி மாதிரி கீதா உனக்கு?" என்றாள். தண்ணீர்கூடக் குடிக்காமல், வந்த வழியே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள். பின்னாலேயே ஓடினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த இட்லியை நான் தொடவில்லை, கிளியம்மாள் வீட்டில் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் லைனில் நம்பர் மட்டும்தான். என்ன நம்பர், இந்தாங்கோ. எனக்கு வாங்கோ போங்கோ மரியாதை. அப்பா போனபோதுகூட நான் அப்படித் தனியாக இருக்கவில்லை பாபு. அப்போது வீடு நிறைய ஜனம் இருந்தது.

அவளுடைய கடைசி டியூட்டி இந்த மாதம் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. மத்தியானம் அவளே என்னைக் கூப்பிட்டாள். "மனசு கேக்கல. எப்படிப் போனாரு, மொத்தத்தையும் சொல்லு" என்றாள். சொன்னால் உனக்குத்தான் கஷ்டம் என்றேன். பரவாயில்லை, சொல் என்றாள். சொன்னேன். பாட்டு, விழுந்த மூடி, தாண்டவராயன் சைக்கிள், எல்லாம். அந்த இரண்டு அடியையும் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு மனதுக்குள் எத்தனையோ தடவை பாடிப் பார்த்திருக்கிறேன், பதினெட்டு செகண்டு என்பதையும் சொன்னேன். விழும்போதே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்தான், எனக்காகச் சொன்னாரோ நிஜமோ, தெரியவில்லை என்றேன். போர்டில் மூடிகள் விழுந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு வந்து வந்து சொன்னேன். முடித்ததும் லைன் போய்விட்டதோ என்று பயந்து ஹலோ ஹலோ என்றேன். "கீறேன்டி" என்றாள். அழுதிருக்கிறாள். பிறகு சொன்னாள்: "முடிச்சிட்டுப் போன்னு சொன்னவ நானு. பதினெட்டுல ஒம்பது என்னுது. அதை நான் சேலத்துக்கு எடுத்துகினு போறேன். மீதியை மட்டும் நீ வச்சிக்கோ."

இப்போது அந்தப் பக்கம் ஒரு புதுப் பெண். நம்பரை வாங்குகிறாள், கொடுக்கிறாள், நல்ல சுறுசுறுப்பு. என் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

நீ அப்பாவின் கடைசி நாளைப் பற்றி இதுவரை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது தெரிந்துகொண்டாய். அம்மா மேல் கோபம் வந்தால் கோபமாகவே எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. பாட்டுக் குழுவுக்குத் திரும்பப் போவேனா என்று எனக்கே தெரியவில்லை, வற்புறுத்தாதே. வெயிலில் தலைக்குத் துண்டு கட்டாமல் வெளியே போகாதே, தூங்கும் முன் ஜெபம் சொல், வருகிற பதினேழாம் தேதி செங்கமலத்தின் மகளுக்குச் சேலத்தில் கல்யாணம், போன் அத்தைக்கு உன் கையால் ஒரு வாழ்த்து அட்டை போடு, விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஆண்டவர் உன் வலப்பக்கமும் மாதா உன் இடப்பக்கமும் நடந்து உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
ம. கிரேசி