மதகடியில் நான் கண்டது

சேசு மரி சூசை துணை

பாகூர், 1934ஆம் வருடம், தபசு காலத்து மூன்றாம் ஞாயிறு

சைகோன் துறைமுகச் சுங்கத்தில் வேலையாயிருக்கும் என் மகன் பாக்கியநாதனுக்கு உன் தாய் மதலேனம்மாள் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் உன் அப்பாவும் நானும் உயிரோடு இருக்கிறோம், நீ அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டுமென்று தேவமாதாவைத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். சுகம் என்று எழுத வேண்டிய இடத்தில் உயிரோடு என்று எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை, அப்படியே இருக்கட்டும். உன் அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடியவில்லை, வேப்பெண்ணெய் தேய்க்கிறேன். வடக்குச் சுவர் ஐப்பசி மழையில் விழுந்தது, இன்னும் எடுத்துக் கட்டவில்லை, கட்டப்போவதும் இல்லை, ஏனென்று கீழே எழுதுகிறேன். நீ வைத்துவிட்டுப் போன முருங்கை நன்றாகக் காய்க்கிறது, ஆனால் பக்கத்து வீட்டார் யாரும் இப்போது வந்து பறித்துப்போவதில்லை.

உன் கடிதம் போன வாரம் வந்தது. உன் எழுத்து மிக அழகாக இருக்கிறது. எனக்குக் கன்னியர் மடத்துத் தாய்மார் கற்றுக்கொடுத்த எழுத்தை நான் உனக்குக் கற்றுக்கொடுத்தேன், நீ என்னைவிடத் திருத்தமாக எழுதுகிறாய். அந்த எழுத்திலேதான் எழுதியிருக்கிறாய், அம்மா, பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் யாருக்கு என்ன நட்டம், செத்தவன் திரும்பி வரப்போகிறானா, அவன் நம் வேதக்காரன்கூட இல்லையே என்று. இதை எழுதும்போது உன் கை நின்று நின்று போயிருக்கும் என்று தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. ஊரார் உனக்கு என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள், நான் மட்டும் இரண்டு வரி எழுதிவிட்டு இருந்தது தப்பு. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஆவணி மாதம், மழை இல்லாத நேரம், ஏரியில் தண்ணீர் அடியில் கிடந்தது. முறை வைத்துத்தான் பாய்ச்சினார்கள். வாய்க்காலைத் திருப்பிவிடும் வேலை மணவாளனுடையது, உனக்கு அவனை நினைவிருக்கும், சின்ன வயதில் உன்னைத் தோளில் வைத்து ஏரிக்கரை வரை தூக்கிப்போவான். அன்று, உன் ஞானத்தகப்பனாரிடம் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு நாம் உழும் கழனியில் உன் அப்பா களை பறித்துக்கொண்டிருந்தார், நான் கஞ்சி எடுத்துக்கொண்டு வரப்பில் போனேன். மதகடியில் சத்தம் கேட்டது. உன் ஞானத்தகப்பனார் சவரிராயலு அவர்களின் மகன் இன்னாசிமுத்து, கரும்புக்குத் தண்ணீர் விடு என்று பலகையைப் பிடித்து இழுக்கிறான், மணவாளன் விடவில்லை. "இன்னைக்கு உங்க முறை இல்லீங்களே, நாளைக்கு வுடறேன்" என்றான். கும்பிட்டுத்தான் சொன்னான். இன்னாசிமுத்து மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அதன் பின்புறத்தால் அவன் தலையில் அடித்தான். மணவாளன் மதகுக் கல்லின்மேல் விழுந்தான். நான் கஞ்சிப் பானையைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். இன்னாசிமுத்து என்னைப் பார்த்தான், "சின்னம்மா" என்றான், அவ்வளவுதான், மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். நம் வீட்டில் எத்தனை நாள் உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளை. மணவாளன் மறுநாள் பொழுது சாய்வதற்குள் செத்துப்போனான்.

நான் யாரிடமும் ஓடிப்போய்ச் சொல்லவில்லை மகனே, அதை முதலில் தெரிந்துகொள். உன் அப்பாவிடம் சொன்னேன், அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊரில், மணவாளன் பாசியில் வழுக்கி விழுந்தான் என்று பேச்சாகிவிட்டது. பிறகு பொலீசு கொமிசேர் விசாரிக்க வந்தார். மதகருகே வரப்பில் என் கஞ்சிப் பானை கிடந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டு, அம்மா நீ பார்த்தாயா என்று கேட்டார். கேட்டார், நான் சொன்னேன். இதற்குமேல் நான் செய்தது ஒன்றுமில்லை. கேட்காவிட்டால் சொல்லியிருப்பேனா என்று என்னை நானே பல தடவை கேட்டுவிட்டேன், தெரியவில்லை.

அன்று தொடங்கியது. பங்குச் சாமியார் என்னை அழைத்தார். கோபிக்கவில்லை, நாற்காலி போடச் சொல்லி உட்காரவைத்துப் பேசினார். பொய் சொல்லாதே என்றுதான் கட்டளை, வாயை மூடிக்கொண்டிருக்காதே என்று கட்டளை இல்லையே மதலேனம்மாள், அஞ்ஞானிகள் நடுவே நம் சிறிய சபைக்கு இப்படி ஒரு அவமானம் வேண்டுமா என்றார். நான், "சாமி, கேக்காத வரைக்கும் வாய மூடிக்கினுதான் இருந்தேன். கேட்டுட்டாங்களே, இப்போ இன்னா சொல்லட்டும்?" என்றேன். அவர் செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கிவிட்டார். அதன் பிறகு உன் ஞானத்தகப்பனாரே நம் வாசலுக்கு வந்தார். அவர் உனக்கு ஞானஸ்நானத் தொட்டியருகே கை வைத்தவர், சைகோன் வேலைக்குப் பட்டணத்துப் பெரிய மனிதரிடம் உன்னை அழைத்துப்போனவர், தன் மகள் லூசியாவை உனக்குத் தருவதாக வாக்குக் கொடுத்தவர், இதையெல்லாம் நான் மறந்தேன் என்று நினைக்காதே. அவர் என்னோடு பேசவில்லை, உன் அப்பாவோடுதான் பேசினார். "உம் பொண்டாட்டி வாய அடக்கு, இல்லாட்டி நெலத்த வுட்டுடு" என்றார். உன் அப்பா எழுந்து நின்று, "அண்ணே, நெலம் ஒங்களுது, எடுத்துக்குங்க. நாக்கு அவளுது" என்றார். அப்படிச் சொன்ன மனிதர்தான், அவர் போன பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவே இல்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டார், எழுந்து போனார். இரண்டையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கார்த்திகையில் கோர்ட்டு. ஊரில் யாரும் வண்டி தரவில்லை. விடியுமுன் கிளம்பி, அரியாங்குப்பத்து ஆற்றைத் தாண்டி, நடந்தே பட்டணம் போனோம். உன் அப்பா பேசாமல் முன்னே போனார், சேறு வந்த இடத்தில் மட்டும் நின்று எனக்குக் கை கொடுத்தார். நீதிபதி துரை பிரெஞ்சில் கேட்டதைத் துபாசி தமிழில் சொன்னார், கையைத் தூக்கி சத்தியம் பண்ணினேன், கண்டதைச் சொன்னேன். எனக்குப் பிறகு நம் கோயிலைச் சேர்ந்த நான்கு பேர் வந்தார்கள். பெயர் எழுத மாட்டேன், எல்லாரும் உனக்கு மாமன் சித்தப்பன் முறைக்காரர்கள். அன்று இன்னாசிமுத்து கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்க எங்களோடு வில்லியனூர் வந்திருந்தான் என்று, என்னைப் போலவே கையைத் தூக்கி, சத்தியம் பண்ணினார்கள். கோயிலில் என்னோடு ஒரே கிராதியில் முழந்தாளிட்டு நாவை நீட்டி நன்மை அப்பம் வாங்குகிறவர்கள். அதையும் தாங்கிக்கொண்டேன். கடைசியில் மணவாளன் பெண்சாதி தனக்கொடியைக் கூப்பிட்டார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "வழுக்கி வுழுந்துட்டாருங்க, அவரே சொன்னாருங்க" என்றாள். துபாசி அதைப் பிரெஞ்சில் சொன்னதும் துரை என்னை ஒரு பார்வை பார்த்தார். பாக்கியநாதா, அந்தப் பார்வையை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. இன்னாசிமுத்துவை விட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது நான்தான் குற்றவாளியைப் போல ஓரமாக நடந்தேன்.

பொங்கலுக்கு முன்னே தனக்கொடிக்கு ஒரு மனைக்கட்டும் கறவை மாடும் உன் ஞானத்தகப்பனார் தர்மமாகக் கொடுத்தார் என்று கோயிலில் புகழ்ந்து பேசினார்கள். ஒருநாள் அவள் புழக்கடைப் பக்கம் வந்து செம்பில் பால் வைத்தாள். "அக்கா, நான் இன்னா பண்ணுவேன், ரெண்டு புள்ளைங்க கீதே" என்று அழுதாள். அவளை என்ன சொல்ல, பசி என்னவென்று எனக்குத் தெரியாதா. செம்பை வாங்கினேன், காய்ச்சினேன், உன் அப்பா தொடவில்லை, எனக்கும் இறங்கவில்லை, பூனை குடித்தது. அவளை நான் கோபிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அதுவும் முழு உண்மையாகாது.

இந்தத் தபசு காலத்தில் ஒருநாள் மாட்டுக்கொட்டகையில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தேன், இன்னாசிமுத்து வந்து நின்றான். இளைத்துப்போயிருந்தான். "சின்னம்மா, நான் சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணி நன்ம வாங்கணும், தூக்கமே வர்ல, என்னெ மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றான். "என்னெ நீ இன்னாடா பண்ண, நான் மன்னிக்க? தனக்கொடி வூடு தெரியுமில்ல, அங்க போ, அவ கால்ல வுழு" என்றேன். அவன், "அவளுக்குத்தான் மாடு குடுத்தாச்சே சின்னம்மா" என்றான். ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை மகனே, அப்படித்தான் நம்பிச் சொன்னான், அதுதான் என்னைக் கொன்றது. போன ஞாயிறு அவன் நன்மை வாங்கினான். நானும் வாங்கினேன். என் பக்கத்தில் மண்டியிட்டிருந்தவள் முந்தானையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். தேவ நன்மை வாயில் கசந்தது என்று சொல்வது பாவம், ஆனால் கசந்தது. வீட்டுக்கு வந்து, ஆண்டவரே, என் பின்னால் வா என்றீர், வந்தேன், உம்மோடு வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பக்கமல்லவா நிற்கிறார்கள் என்று கேட்டேன். வரும் ஞாயிறும் போவேன். போகாவிட்டால் அந்தக் கோயில் அவர்களுடையது மட்டும் ஆகிவிடும்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்குள் நான் கோயில் வாசலில் எல்லார் முன்னிலையிலும் உன் ஞானத்தகப்பனார் காலில் விழுந்து, என் கண் தப்பிவிட்டது என்று சொன்னால், லூசியாவை உனக்குக் கொடுப்பார்கள், நிலமும் திரும்பும் என்று எழுதியிருக்கிறாய். காலில் விழச் சொன்னால் விழுவேன், வயதிலே மூத்தவர், அதில் எனக்கு வெட்கமில்லை. என் கண் தப்பவில்லை. அதைச் சொல்ல மாட்டேன். லூசியா நல்ல பெண், அவள் ஒரு பாவமும் அறியாதவள், எதிரே வந்தால் இன்றும் எனக்குத் தோத்திரம் சொல்கிறாள். உன்னால் முடிந்தால் அவளைக் கட்டிக்கொள். தாய் கலியாணத்துக்கு வரக்கூடாது என்று அவர்கள் நிபந்தனை போட்டால் ஒப்புக்கொள், நான் வரமாட்டேன், உன்னைக் குறை சொல்லவும் மாட்டேன். என் தாய்க்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று மட்டும் அவர்களுக்கு எழுதிக்கொடுத்துவிடாதே. எழுதிக்கொடுக்கச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் வயலில் நிற்கும் பயிரை அறுத்து, நிலத்தை அவரிடம் ஒப்படைத்ததும் கரிக்கலாம்பாக்கம் போகிறோம். அங்கே சிவப்பிரகாசம் என்று ஒரு குடியானவர் வாரத்துக்கு நிலம் தருகிறார். நம் வழக்கைக் கேட்டு இரங்கியெல்லாம் தரவில்லை, அவருக்கு ஆள் கிடைக்கவில்லை, உன் அப்பாவுக்கு வேலை தெரியும், அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிய ஆறுதலாயிருக்கிறது. சுவரை ஏன் கட்டவில்லை என்று இப்போது உனக்குப் புரியும். அப்பா இப்போது பேசுகிறார், அதிகமில்லை. நேற்று உன் கடிதத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும், "அவன் இன்னும் சின்னப் பையன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். உனக்கு இருபத்தாறு வயது ஆகிறது.

ஈரத் துணியோடு இருக்காதே, சாராயக்காரரோடு சேராதே, இரவு செபத்தை விடாதே. காவலாக நிற்கும் தேவதூதன் உன்னைக் கடலிலும் கரையிலும் காக்கட்டும், தேவமாதா தன் முந்தானையால் உன்னை மூடிக்கொள்ளட்டும். உன் தாய் தகப்பன் ஆசீர்வாதம், நீ கோபமாயிருந்தாலும் இல்லாவிட்டாலும், உனக்கு எப்போதும் உண்டு. அடுத்த கப்பலில் நீ பதில் எழுதும்போது வேறெதுவும் எழுத வேண்டாம். இந்த ஊர்க்காரர்கள் அங்கேயும் பலபேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவன் உன்னிடம் வந்து, உன் தாய் கோர்ட்டில் பொய் சத்தியம் பண்ணினாளாமே என்று கேட்டால், நீ என்ன சொல்வாய் என்று மட்டும் எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
மதலேனம்மாள்